வெள்ளை டிரம்முக்கு ஒரு சொம்பு

மாசி 2, வெள்ளி

இந்த டைரி இறால் தீவனக் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. ஒரு மாதமாக அண்ணன் இதன்மேல் டீ டம்ளர் வைத்துக்கொண்டிருந்தார். "நான் எடுத்துக்குறேன்" என்றேன். "எட்டாங்கிளாசோட நின்னவளுக்கு டைரியா?" என்றார். அவர் பத்தாங்கிளாஸ் ஃபெயில். அதை நான் ஞாபகப்படுத்தவில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

பிள்ளையார் சுழி போட்டாகிவிட்டது. என் பெயர் தையல்நாயகி. வைத்தீஸ்வரன் கோயில் அம்பாள் பெயர். அவள் வந்த நோயைத் தீர்ப்பாள், நான் பேசிப் பேசியே தலைவலி வரவழைப்பேன் என்பார் அண்ணன் சாம்பசிவம். இருக்கட்டும். எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாது, அதற்காகவே எழுதலாம்.

இன்று நாலு குட்டையிலும் இறால் குஞ்சு விட்டோம். ஒவ்வொன்றும் கண்ணிமை முடி அளவு. நான் நாலு கரையிலும் கற்பூரம் காட்டினேன். "போதும் தையலு, பொகையில குஞ்சு இருமப் போவுது" என்றார் அண்ணன்.

போன வருஷம் வெள்ளைக் கழிச்சல் வந்து நாலு குட்டையும் போயிற்று. குடல் கெட்டு, வெள்ளை நூல் நூலாகக் கழிந்து, தீனி தின்னாமல் கரையோரம் ஒதுங்கிச் செத்தன. அண்ணன் ஒரு வாரம் குட்டைப் பக்கமே போகவில்லை. இந்த வருஷம் தமயந்தி மருந்து கொண்டுவந்திருக்கிறாள். அண்ணன் மகள். மூன்று வயதில் தாயை இழந்து என் கையில் வளர்ந்தவள். இப்போது மீன் காலேஜில் ஆராய்ச்சி. வைகாசிக்குள் இந்த மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று காட்டினால்தான் பட்டமாம். "காட்டலன்னா?" என்று கேட்டேன். "நாலு வருஷம் போச்சுத்தே" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. நானே கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாசி 6, செவ்வாய்

மருந்து என்றால் பாட்டிலில் வரும் என்று நினைத்தேன். கிருமியாம்! முகத்துவாரத்துக்கு அப்பால், கடல் சேற்றிலிருந்து எடுத்து வளர்த்தது.

"நோயும் கிருமி, மருந்தும் கிருமியா? வெளங்குமாடி?"

"பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிப்பாங்கல்ல, அந்த மாதிரித்தே. நல்லது முன்னாடியே ஏறி எல்லா சீட்டுலயும் உக்காந்துடும். கெட்டதுக்கு நிக்கக்கூட எடம் இருக்காது. மீறி ஏறுனா இது கடிச்சும் வைக்கும்."

"ஒன்ன மாதிரி" என்றேன். சிரித்தாள்.

மோட்டார் கொட்டகையில் இரண்டு டிரம். நீல டிரம்மில் வெல்லமும் தவிடும் காய்ச்சிக் கரைத்து, ஆறியதும் கடல் கிருமியைப் போட வேண்டும். வெள்ளை டிரம்மிலும் அதே வெல்லம், அதே தவிடு, ஆனால் கிருமி கிடையாது. திங்கள் காலை கரைத்து, செவ்வாய் சாயங்காலம் ஊற்ற வேண்டும். நீலம் ஒன்றாம் குட்டைக்கும் மூன்றாம் குட்டைக்கும். வெள்ளை இரண்டுக்கும் நாலுக்கும். அவள் காலேஜில் இருக்கும் நாட்களில் இந்த வேலை என்னுடையது.

"வெறும் வெல்லத் தண்ணிய எதுக்குடி ஊத்தணும்?"

"வெல்லத்தாலதான் நல்லாச்சுன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாதுல்ல."

"அப்ப ரெண்டும் நாலும் என்னா பாவம் பண்ணுச்சு? எது எதுக்குன்னு யாரு முடிவு பண்ணுனது?"

"கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுச்சுத்தே."

கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? நாலுக்கும் ஒரே நாளில்தான் கற்பூரம் காட்டினேன். பந்தியில் ஒரு இலைக்குச் சாம்பார், அடுத்த இலைக்கு வெறும் தண்ணீரா?

மாசி 19, திங்கள்

தவிடு சலித்தேன். வெல்லம் காய்ச்சினேன். முதுகு வலி. நாலாம் குட்டைக் கரையில் உட்கார்ந்து கந்தசஷ்டி கவசம் சொன்னேன். நாலுதான் எனக்குப் பிடித்த குட்டை. வேப்ப மரம் இருக்கிறது, காற்று வரும்.

தமயந்தியின் பேராசிரியர் எஸ்தர் மேடம் போனில் பேசினார். தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுகிற குரல். "அம்மா, ரெண்டு டிரம்முக்கும் தனித்தனிச் சொம்பு. மாத்திடாதீங்க" என்று மூன்று தடவை சொன்னார். எனக்குக் காது கேட்கும்.

மாசி 28, புதன்

வாய்க்காலுக்கு எதிர்க்கரையில் கலியபெருமாள் குட்டையில் வெள்ளைக் கழிச்சல் வந்துவிட்டது. அவருக்கும் நமக்கும் ஒரே வாய்க்கால் தண்ணீர்தான். நாலு நாள் முன்புதான், "என்னாக்கா, குட்டைக்கு வெல்லப் பானகமா? அடுத்த வாரம் சுண்டலும் உண்டா?" என்று என்னைக் கேலி பண்ணினார். இன்று கரையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். போய் ஒரு செம்பு மோர் கொடுத்தேன். குடித்தார். கேலி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பங்குனி 3, திங்கள்

இறால் சாப்பிடுகிறதா என்று பார்க்கக் குட்டையில் ஒரு தட்டில் தீனி வைத்து இறக்குவோம். இன்று காலை தூக்கிப் பார்த்தேன். ஒன்றிலும் மூன்றிலும் தட்டு நக்கி வைத்த மாதிரி காலி. இரண்டில் பாதித் தீனி மீதி. நாலில் முக்கால்வாசி மீதி, அதன் நடுவே இரண்டு வெள்ளை நூல்.

தமயந்திக்குப் போன் போட்டேன்.

"எதிர்பாத்ததுதான்த்தே. அந்த நூலை எண்ணி எழுதி வையி."

"எண்ணி?"

"எண்ணி எழுதணும். அவ்ளோதான். வேற எதுவும் பண்ணிடாத."

எண்ணினேன். இரண்டு.

என் புகுந்த வீட்டில் நான் பதினோரு மாதம் இருந்தேன். அந்தக் கதை இங்கே வேண்டாம். ஆனால் பந்தியில் உட்கார்ந்து, சாம்பார் வாளி என் இலையைத் தாண்டிப் போவதைப் பார்த்தவள் நான். ஒரு நாள் இல்லை, பல நாள். இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பங்குனி 4, செவ்வாய்

ஒரு சொம்பு.

பங்குனி 5, புதன்

நன்றாகத் தூங்கினேன். காலையில் அண்ணன், "நீல டிரம் சொம்பு வெள்ளை டிரம் மேல கெடக்கு?" என்றார். "காத்துக்கு விழுந்திருக்கும்" என்றேன். பித்தளைச் சொம்பு. அவர் அதை எடுத்து நீல டிரம் மேலேயே வைத்தார்.

பங்குனி 11, செவ்வாய்

ஒரு சொம்பு.

பங்குனி 13, வியாழன்

நாலாம் குட்டைத் தட்டில் கால்வாசிதான் மீதி. வெள்ளை நூல் இல்லை. இறாலைக் கையில் எடுத்து வெயிலுக்குக் காட்டினேன், முதுகில் குடல் கறுப்புக் கோடாக நேராக ஓடுகிறது. அம்பாளுக்குத் தேங்காய் உடைத்தேன்.

தமயந்தி வந்தாள். நாலு குட்டைத் தண்ணீரையும் புட்டியில் பிடித்தாள். போன வாரத் தண்ணீரைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் படம் எடுத்து வைத்திருந்தாள், காட்டினாள். கெட்ட கிருமி இருந்தால் பச்சைப் பொட்டு வருமாம். ஒன்றிலும் மூன்றிலும் அங்கங்கே ஒன்றிரண்டு. இரண்டிலும் நாலிலும் வேர்க்குரு மாதிரி. ஆனால் இந்த வாரம் அந்த இரண்டு குட்டை இறாலும் தேறிவிட்டதே என்று நெற்றியைச் சுருக்கினாள்.

"நல்லதுதானடி?"

"நல்லதுதான். ஆனா ஏன் நல்லாச்சுன்னு தெரியலியேத்தே. சும்மா இருந்த குட்டையும் நல்லாச்சுன்னா, மருந்து எதுக்குன்னு கேப்பாங்க."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவளுக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தேன். நான் அதிகம் பேசவில்லை. "ஒடம்பு சரியில்லையா?" என்று அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

பங்குனி 18, செவ்வாய்

அரைச் சொம்பு.

பங்குனி 20, வியாழன்

போன வியாழன் வந்தபோது வெள்ளை டிரம்மில் மிச்சமிருந்த தண்ணீரைத் தமயந்தி ஒரு புட்டியில் பிடித்துக் காலேஜுக்கு எடுத்துப் போயிருக்கிறாள். அதை வளர்த்தால் அவளுடைய கடல் கிருமி கிளம்பி வந்திருக்கிறது.

மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"என் கை சுத்தமில்லத்தே. எங்கயோ நான்தான் கலந்துட்டேன். கழுவாத குழாயா, மூடியா, எதுன்னே தெரியல. நாலு வருஷத்த நானே கெடுத்துக்கிட்டேன். மேடம்கிட்ட சொல்லிட்டேன், என் தப்புதான்னு. புதன்கிழமை வர்றாங்க."

"மேடம் என்னா சொன்னாங்க?"

"ஒன்னும் சொல்லல. அதான் பயமா இருக்கு."

அவள் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கையைச் சின்னதில் நான்தான் கழுவிவிடுவேன், விரல் விரலாக.

பங்குனி 21, வெள்ளி

வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போனேன். வழக்கம்போல் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தேன். அம்பாள் முன்னால் நின்றேன், ஒன்றும் வேண்டத் தோன்றவில்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் அதைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

பங்குனி 22, சனி

சொல்லிவிட்டேன்.

பாலுக்கு உறை ஊற்றிக்கொண்டிருந்தேன். தமயந்தி பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையில் உறைமோர்க் கரண்டி. அதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"வெள்ளை டிரம்முக்கு நான்தான்டி ஒற ஊத்துனேன்."

"என்னாத்தே?"

"நீலத்துலேருந்து ஒரு சொம்பு. மூணு செவ்வாய். கடைசி வாரம் அரைச் சொம்பு. மனசு கேக்கல."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், சண்டை முடிந்திருக்கும். வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"ஏன்த்தே?"

"பந்தியில ஒக்காத்தி வச்சிட்டு ஒரு எலைய வுட்டுட்டுப் போவ என்னால ஆவாதுடி."

"அது பந்தி இல்லத்தே. பரிட்சை. பரிட்சையில ஒருத்தன் எழுதுனத பக்கத்துல இருக்கவனுக்குக் காட்டிட்ட. ரெண்டு பேரும் பாஸாயிட்டானுவ. இப்ப யாருக்குப் பாடம் தெரியும்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

நான் பாலை மூடி வைத்தேன். அவள் எழுந்து குட்டைப் பக்கம் போய்விட்டாள். போகிற போக்கில் வாசல் குழாயில் கை கழுவினாள். அழுக்கே இல்லாத கை.

பங்குனி 24, திங்கள்

இரண்டு நாளாகத் தமயந்தி என்னோடு பேசவில்லை. போட்டதைச் சாப்பிடுகிறாள். தண்ணீரைத் தானே மொண்டு குடிக்கிறாள்.

அண்ணனிடம் சொன்னேன். "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார்.

"தெரிஞ்சும் ஏண்ணே கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவ. குட்டை பொழச்சிட்டு இருந்துச்சு." கொஞ்ச நேரம் துண்டை உதறினார். "ரெண்டு பேரும் சேந்து அந்தப் புள்ளைய ஏமாத்திட்டோம், தையலு."

பங்குனி 26, புதன்

எஸ்தர் மேடம் வந்தார். குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. குள்ளமாக, வெள்ளைத் தலையோடு, கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு நாலு கரையையும் சுற்றினார். அப்புறம் கொட்டகையில் என்னை எதிரே உட்கார வைத்தார். தமயந்தி சுவரோரம் நின்றாள்.

"இது என் தப்புங்க, புள்ள தப்பு இல்ல" என்று ஆரம்பித்தேன்.

"தப்பு யாருதுன்னு அப்பறம் பாப்போம்மா. முதல் தடவை ஊத்துனது எந்த தேதி? தோராயமா வேணாம். சரியான தேதி வேணும்."

எந்த தேதி? பங்குனி என்று தெரியும். செவ்வாய் என்று தெரியும். சட்டென்று இந்த டைரி ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தேன். வந்த பிறகுதான் இதில் வேறு என்னென்ன எழுதி வைத்திருக்கிறேன் என்பது உறைத்தது. கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

"நானே படிச்சி சொல்லிடுறேங்க."

"நான் பாக்கணும்மா. எழுதுனது எழுதுனபடி இருந்தாத்தான் சாட்சி."

கொடுத்தேன். மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஒரு இடத்தில் நின்று, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தகர டப்பாவா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரித்த சிரிப்பில் டப்பா, கூழாங்கல் எல்லாம் உருண்டது. சுவரோரத்திலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. நான்கு நாளில் முதல் தடவை.

அப்புறம் இரண்டு பேரும் என் தேதிகளையும் தமயந்தியின் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சொம்பு ஊற்றுவதற்கு முந்தின வாரம்வரை இரண்டிலும் நாலிலும் பச்சைப் பொட்டு ஏறிக்கொண்டே போயிருக்கிறது. ஊற்றியதற்குப் பிறகு இறங்கியிருக்கிறது.

"இத வச்சிப் பட்டம் வாங்க முடியாது" என்றார் மேடம். "ஒப்பிட்டுப் பாக்கக் குட்டை இல்லாமப் போச்சு. ஆனா ஆறு மாசம் தவணை கேக்க இது போதும். நோய் வந்த பெறகு ஊத்துனாலும் கேக்குமோன்னு ஒரு கேள்வியும் கெடச்சிருக்கு. அடுத்த கல்ச்சர்ல, புதுக் குஞ்சு விடுறப்ப, மறுபடி முதல்லேருந்து பண்ணணும். ஒரு குட்டைக்காவது மருந்து ஊத்தாம இருக்க, நீங்க சம்மதிச்சா."

அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போன வருஷம் நாலும் போச்சு. போயும் யாருக்கும் ஒன்னும் தெரியல. ஒரு குட்டை போயி ஒரு விஷயம் தெரிஞ்சா, போவட்டும்."

மேடம் டைரியைத் தமயந்தி கையில் கொடுத்தார். "முழுசாப் படி" என்றார். அதை ஏன் சொன்னார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

சித்திரை 1, திங்கள்

டைரி இன்று காலை பூஜை மாடத்தில் இருந்தது. மேடம் வந்த நாளின் பக்கத்தையும் இன்றுதான் எழுதினேன். ஒவ்வொரு 'ஒரு சொம்பு'க்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு டிக். வேறு ஒன்றும் எழுதவில்லை. பங்குனி 3-ஆம் தேதிப் பக்கத்தில் மட்டும் ஓரம் மடித்திருந்தது.

வருஷப் பிறப்புக்கு மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம், பருப்பு, பாயசம். எப்போதும் நான்தான் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுவேன். இன்று தமயந்தி கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். என்னை உட்கார வைத்து, முதல் இலையை எனக்குப் போட்டாள். சாம்பார் வாளியோடு வந்து, ஊற்றி, தாண்டிப் போகாமல் அங்கேயே நின்றாள்.

"இன்னும் கொஞ்சமாத்தே?"

"போதும்டி" என்றேன். இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

அண்ணன், "எனக்கு எலை உண்டா, இல்ல நான் சும்மா குட்டையா?" என்றார்.

ரசத்தில் வேப்பம்பூ கொஞ்சம் தூக்கல். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வைகாசி 6, செவ்வாய்

அறுவடை. நாலு குட்டையும் பிழைத்துக் கரையேறியது. கலியபெருமாள் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, அந்தப் பானகம் எனக்கும் ஒரு சொம்பு" என்றார். கேலி திரும்பிவிட்டது. தமயந்தி என்னைப் பார்த்தாள். "சொம்பு எங்கிட்ட இல்ல, அவள்ட்ட கேளுங்க" என்றேன்.

ஆடி 2, வெள்ளி

மறுபடி குஞ்சு விட்டோம். தமயந்தி கம்ப்யூட்டரைத் திறந்தாள். நான் மூடினேன்.

"குலுக்கணும், அவ்வளவுதானே? அம்பாள் படத்துக்கு முன்னால திருவுளச் சீட்டு போடுவோம். அவ கை காட்டுனா எனக்கு மனசு ஆறும்."

மேடத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். சீட்டெல்லாம் ஒரே அளவில் இருந்து, பார்க்காமல் எடுத்தால் போதும், கம்ப்யூட்டர் செய்வதும் அதுதான் என்றாராம். தமயந்தி நாலு சீட்டையும் ஸ்கேல் வைத்துக் கிழித்தாள். குங்குமம் வைத்து, பித்தளைத் தட்டில் குலுக்கி, கண்ணை மூடி நான்தான் எடுத்தேன். முதலில் எடுக்கிற இரண்டுக்கும் மருந்து இல்லை என்று பேச்சு.

முதல் சீட்டு: ஒன்று.

இரண்டாவது சீட்டு: நாலு.

"இன்னொரு தடவ குலுக்குவோமா? கை நடுங்கிடுச்சு" என்றேன்.

"அம்பாள் ஒரு தடவதான்த்தே சொல்லுவா. நீதான் சொல்லிக் குடுத்த."

என் வாயை நானே கட்டிக்கொண்டேன். தட்டைக் கீழே வைத்தேன். மேடம் ஒரு விதியும் வைத்திருக்கிறார். பச்சைப் பொட்டு ஒரு அளவைத் தாண்டினால் பரிட்சையை நிறுத்திவிட்டு எல்லாக் குட்டைக்கும் ஊற்றிவிடலாம். அதுவரை கூடாது. அந்த அளவைத் தமயந்தி சொல்வாள், நான் இல்லை.

ஆவணி 3, செவ்வாய்

காலையில் நாலாம் குட்டைத் தட்டைத் தூக்கினேன். பாதித் தீனி மீதி. வெள்ளை நூல்.

எண்ணினேன். மூன்று. எழுதினேன்.

கொட்டகைக்குப் போனேன். நீல டிரம் நுரைத்துக்கொண்டிருந்தது. புளித்த தவிட்டு வாசம், நல்ல வாசம். சொம்பு மேலேயே இருந்தது. எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் வெளியே வந்து குழாயடியில் அதைக் கழுவி, தண்ணீர் பிடித்து, வேப்ப மரத்துக்கு ஊற்றினேன்.

தமயந்திக்குப் போன் போட்டேன்.

"நாலுல மூணு நூலு."

"அத்தே..."

"ஊத்தல."

"அதக் கேக்க வரல. நீ சாப்ட்டியான்னு கேக்க வந்தேன்."

"இன்னும் இல்ல."

"போயி சாப்டு. மத்தியான பஸ்ஸுக்கு வர்றேன். இன்னைக்கே தண்ணி புடிச்சிட்டுப் போயி பாக்குறேன். அளவு தாண்டிடுச்சுன்னா நாளைக்கே போன் பண்றேன், ஒங்கையாலயே ஊத்து."

சரி என்றேன். சாப்பிடப் போகவில்லை. நாலாம் குட்டைக் கரையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கவசம் ஒரு தடவை சொல்லி முடித்தாயிற்று. அதையும் தேதியோடு குறித்துவைக்கிறேன், மேடம் கேட்டாலும் கேட்பார். நாலாம் குட்டைக்கு இன்று தீனி போட்டேன், கூட உட்கார்ந்தேன். வேறு எதுவும் ஊற்றவில்லை.